கொடிமலர் என்றொரு ஃபைல்

கம்ப்யூட்டர்காரர்களின் தூக்கத்தைக் கெடுப்பது வைரஸ் என்று வெளியில் நினைக்கிறார்கள். எங்கள் தொழிலில் தூக்கத்தைக் கெடுப்பது ஃபைலின் பெயர்.

தமிழில் ஒரு ஃபைலுக்கு ஆசையாகப் பெயர் வைத்து, அதையே வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால் கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறியாகவும் நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள், நீங்கள் நம்ம ஆள். நான் செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கேளம்பாக்கம் போய் இந்தக் கண்றாவியோடு மல்லுக்கட்டுகிறவள்.

எங்களுடையது சின்ன கம்பெனி. கீழே பரோட்டாக் கடை, மேலே நாங்கள். மீன்பிடிப் படகுகளில் மாட்டும் எச்சரிக்கை டப்பாவுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். காற்று கிளம்பப் போகிறது என்று தகவல் வந்தால் கரையில் ஒரு பட்டனை அழுத்துவார்கள், கடலில் டப்பா கத்தும், படகு திரும்பும். ஒவ்வொரு படகுக்கும் ஒரு ஃபைல். அதற்குள் அந்தப் படகின் டப்பா எண். எல்லா ஃபைலும் 'ரெப்போ' என்கிற பொதுப் பெட்டியில் இருக்கும். யார் எதை மாற்றினாலும் பழசையும் புதுசையும் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு ஃபைல் தப்பினால் ஒரு படகுக்குக் காது போச்சு. அந்தப் பயத்தோடுதான் நான் மதியம் டிபன் பாக்ஸையே திறப்பேன்.

நம்பர் வேண்டாம்

முதல் கூட்டம் கோவளத்தில், படகுக்காரர்கள் சங்கத்து ஆபீஸில். ஃபைலுக்கெல்லாம் பெயர் வேண்டாம், நம்பர் போட்டுவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். எல்லாம் சுயநலம். இங்கிலீஷ் எழுத்தோ எண்ணோ கம்ப்யூட்டருக்குள் ஒரு பைட்டில், அதாவது ஒரே ஒரு சின்ன அறையில், அடங்கிவிடும். நம்ம எழுத்துக்கு மூன்று பைட் வேண்டும், ஆறு வேண்டும், சிலதுக்கு ஒன்பதுகூட வேண்டும். எந்த இடத்தில் எது வெட்டுப்படுமோ என்று எனக்கு முன்கூட்டியே உதறல்.

சங்கத்துச் செயலாளர் மஸ்தான் பாய் சரி என்று தலையாட்டிவிட்டார். ஸ்டெல்லா அக்கா விடவில்லை. ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவர், 'கொடிமலர்' என்ற ஃபைபர் போட்டுக்குச் சொந்தக்காரர். அதில் கடலுக்குப் போவது அவருடைய வீட்டுக்காரரும் தம்பியும். ஆபத்து நேரத்தில் திரையைப் பார்த்த உடனே எந்தப் படகு என்று கரையில் இருப்பவர்களுக்குப் புரிய வேண்டும், நம்பரை வைத்துத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்பது அவர் கட்சி. நியாயம்தானே? நம்பர் யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

"நம்பர வெச்சிகினு நானு இன்னா பண்றது? கடலுக்குப் போறது கொடிமலரு. அதுல போற ரெண்டு பேருதான் எனுக்கு வூடு. பேர எழுதும்மா."

அம்மனா, மாமனாரா?

ஒரு பெரியவர் தன் படகுக்கு வைத்திருந்தது பெயரே இல்லை, ஒரு முழு வாக்கியம். அம்மன் துணையில் ஆரம்பித்து, மாமனார் ஆசியைத் தொட்டு, பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும். ஆபீஸ் கம்ப்யூட்டர் அதைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. டப்பாக்களுக்கு எச்சரிக்கையை அனுப்புகிற சர்வர் வாங்கவில்லை. ஆபீஸ் கம்ப்யூட்டர் குறிகளை எண்ணுகிறது, சர்வர் பைட்டை எண்ணுகிறது. ஒன்றுக்கு மூன்றாக எண்ணியதில் பெயர் அளவைத் தாண்டிவிட்டது. ரெப்போவில் படகு இருக்கிறது, சர்வரில் அப்படி ஒரு படகே கிடையாது! நல்லவேளை, சோதனையிலேயே இதைக் கண்டேன். காணாமல் போனது ஃபைல்தான், படகு இல்லை என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

பெயரைக் கொஞ்சம் சுருக்கலாமா ஐயா என்று போனில் கெஞ்சினேன். கடைசியில் பிள்ளைகளைக் கழற்றிவிட்டோம். ஆனால் அதற்கு முன்னால் அவர் என்னைக் கேட்டார்:

"அம்மன் பேர எடுத்தா சாமி குத்தம். மாமனார் பேர எடுத்தா வூட்ல சோறு கெடையாது. நீயே சொல்லு, எத எடுக்கட்டும்?"

கைதி நம்பர்

மஸ்தான் பாய் ஒரு நாள் எங்கள் ஆபீஸைப் பார்க்க வந்தார். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, அந்த வாரம் எந்தெந்தப் படகின் ஃபைல் மாறியது என்று ரெப்போவைக் கேட்டுத் திரையில் காட்டினேன். பெருமையாகத்தான் காட்டினேன். அதுவோ ஒரு தமிழ்ப் பெயரையும் காட்டாமல், பைட் பைட்டாகப் பிரித்து, சாய்கோடும் எண்ணுமாகக் கொட்டியது. அதன் பழக்கம் அது. ஒரு செட்டிங்கை மாற்றினால் ஒழுங்காகிவிடும்.

ஆனால் அந்த நேரத்தில்தான் எனக்கு இன்னொன்று உறைத்தது. மாறிய ஃபைல்களை சர்வருக்குக் கொண்டுபோகும் ப்ரோக்ராமும் இதே எண்களைத்தானே படிக்கும்? ஐயையோ! அந்த எண்களையே பெயர் என்று நம்பி, அப்படி ஒரு ஃபைலைத் தேடி, இல்லை என்றதும் சத்தமில்லாமல் அடுத்ததுக்குப் போயிருக்கிறது. அந்த வாரம் மாறிய படகு ஒன்றுகூட சர்வருக்குப் போய்ச் சேரவில்லை. நல்லவேளை, கடல் அமைதியாக இருந்த வாரம். அவசர அவசரமாக எல்லாவற்றையும் சரிசெய்து அனுப்பினேன். எனக்கு வேர்த்து ஊற்றுவது தெரியாமல் பாய் டீயை ஆற்றியபடி கேட்டார்:

"இன்னாமா இது, போட்டெல்லாம் ஜெயில் கைதி மாறி நம்பரோட நிக்கிது?"

தொடாத ஃபைல்

வினோத் எங்களிடம் புதிதாகச் சேர்ந்தவன், திருப்போரூர்க்காரன். ஆபீஸ் கம்ப்யூட்டர் பிடிக்கவில்லை என்று சொந்தமாக ஒரு மேக் கொண்டுவந்தான். ரெப்போவை அதில் இறக்கினதிலிருந்து ஒரே தொல்லை. நீ ஒரு ஃபைலை மாற்றியிருக்கிறாய் என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் எதையும் தொடவில்லை. மாற்றத்தைத் தூக்கிப் போட்டான், திரும்பி வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கினான், மறுபடியும் அதே ஃபைல். எட்டிப் பார்த்தேன். கொடிமலர்.

மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினோம். மற்ற கம்ப்யூட்டரில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதே, மேக் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டார். எனக்கு மனசு ஆறவில்லை. எல்லாப் படகுக்கும் நான் பயப்படுவேன்தான், ஆனால் இந்தப் படகில் போகிறவர்களுக்காகக் கரையில் காத்திருப்பது யார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கென்று கோவளத்தில் சங்கத்து ஆட்களுக்குப் பயிற்சி வேறு வைத்திருந்தேன். எதனால் என்று தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும் என்று வினோத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

"அம்மா மேல சத்தியமா நான் தொடலக்கா. தொடாதத தொட்டேன்னு சொல்லுது, எனுக்கே பேஜாரா கீது."

டிராயர்

அன்று மதியம் சங்கத்து ஆபீஸில் நான் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே காற்று எச்சரிக்கை வந்துவிட்டது. ஒத்திகை இல்லை, நிஜம். மஸ்தான் பாய் பட்டனை அழுத்தினார். திரையில் படகுகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக மாறின. பச்சை என்றால் டப்பா கத்திவிட்டது என்று அர்த்தம். கொடிமலரும் பச்சை. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது அறைக்குள்ளேயே டப்பா கத்தும் சத்தம் கேட்டது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, பாயின் மேஜை டிராயரிலிருந்து வந்தது. இழுத்துத் திறந்தார். ரிப்பேர் என்று கழற்றி, பேட்டரியை எடுக்காமல் போட்டு வைத்திருந்த பழைய டப்பா. மேலே ஒட்டியிருந்த சீட்டில் கொடிமலர். படகில் புது டப்பா மாட்டிய அன்றே அதன் எண்ணைப் பாய் தன் போனிலிருந்து பதிவுசெய்துவிட்டார், நானும் பார்த்தேன். பிறகு எப்படி? கத்துகிற டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு பாய் என்னைப் பார்த்தார்.

"இது இங்க கத்திகினு கீது. அப்ப அங்க இன்னாமா கத்துது?"

கரை

வினோத்துக்குப் போன் போட்டேன். அவன் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தான். 'கொ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டரில் இரண்டு விதமாக வைக்கலாம். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம், இரண்டு தனிக் குறியாகவும் வைக்கலாம். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எங்கள் பழைய ஃபைல் ஒரு விதம், பாயின் போன் எழுதியது இன்னொரு விதம். ரெப்போ அவற்றை இரண்டு படகு என்று வைத்துக்கொண்டது. மேக் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பியது. சர்வர் தனக்குத் தெரிந்த பழைய ஃபைலை எடுத்து, டிராயருக்கு எச்சரிக்கை அனுப்பிவிட்டது. "புது எண்ணைப் பழைய ஃபைல்ல போடு, இன்னொண்ணத் தூக்கு, திரும்ப அனுப்புடா!" என்று கத்தினேன். அனுப்பினான். திரையில் கொடிமலர் மறுபடியும் பச்சை. முதல் தடவையும் பச்சைதானே காட்டியது? கடலுக்குள் போன் எடுக்காது. கரைக்கு ஓடினேன்.

ஸ்டெல்லா அக்காவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். மீனை அப்படியே போட்டுவிட்டு வந்து மணலில் நின்றார். காற்று ஏறிவிட்டது, மணல் முகத்தில் அடித்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றின் பெயரையும் நான் வாய்விட்டுப் படித்தேன். கொடிமலர் இல்லை. இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. நான் வேண்டாத சாமி பாக்கியில்லை. மற்ற படகுகளைக் கரையில் இழுத்துப் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் அது தெரிந்தது. அக்காவின் தம்பி முதலில் குதித்தார். டப்பா கத்தியபோது காற்று தலைக்கு மேல் வந்துவிட்டதாம், வலையை இழுக்க நேரமில்லாமல் அறுத்துவிட்டு வந்தார்களாம். நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா வீட்டுக்காரரின் ஈரச் சட்டையைப் பிடித்த கையை எடுக்காமல் என் பக்கம் திரும்பினார். தொழில் புத்தி எங்கே போகும்? ஒரே பெயரில் இரண்டு கொடிமலர் இருந்துவிட்டது, அதனால்தான் தாமதம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"உன் மிஷின்ல ரெண்டு கொடிமலரு இருக்கும்மா. எனுக்குக் கடல்ல ஒண்ணுதான் கீது."

பயந்த சுபாவம் உள்ளவர்களை மட்டும்தான் இந்த வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நான் சொன்னால் ஆபீஸில் சிரிக்கிறார்கள், சிரிக்கிறவர்களில் ஒருவர்கூட அன்றைக்குக் கோவளம் கரையில் நிற்கவில்லை.