கலசத்துக்குக் கம்பி இல்லை

எங்கள் ஊர் ஏரிக்கரை அம்மன் கோயில் கும்பாபிஷேகத்தில் என் கணவர் மைக் பிடித்தார். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவர் என்பதால் விழாக் குழுவுக்கு அவர்மேல் தனி மரியாதை. கலசத்துக்குள் வரகு கொட்டி மூடுகிற நேரத்தில் ஆரம்பித்தார். வரகுக்கு மின்னலைத் தாங்கும் சக்தி உண்டு, செம்பு அதை இழுத்துக்கொள்ளும், கலசம் என்பது முன்னோர் கண்ட இடிதாங்கி, கோயிலைச் சுற்றி நிற்பவரை இடி தொடாது என்றார். ஜனங்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் என் மாமனார் இடுப்பில் துண்டோடு, பெருமையில் அழாத குறையாக நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கணக்கு டீச்சர். வெள்ளி தவறாமல் அதே அம்மனுக்கு விளக்கேற்றுகிறவளும்தான். வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“வரகுல மின்னல் அடங்கும்னு எந்த புக்குல போட்டுக்கீது? நீங்க சர்டிபிகேட் குடுத்தாத்தான் அம்மனக் கும்புடுவாங்களா?”

“இப்ப கீற பசங்க சயின்ஸ் சொன்னாத்தான் கோயிலுக்கே வரானுங்க. இதுல இன்னா கெட்டுப்போச்சு?”

எனக்கு எப்போதும் ஒரே எண்ணம்தான். சோதித்துப் பார்ப்பது ஒரு வழி, கும்பிடுவது ஒரு வழி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் இரண்டுக்கும் மரியாதை இல்லை. சொன்னேன், அவர் சிரித்துக்கொண்டே காபி கேட்டார்.

மாமனாருக்கு இடி என்றால் குலைநடுக்கம். வானம் ஒரு தரம் உறுமினால் போதும், “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்றபடி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீடு வந்து சேர்ந்துவிடுவார். அந்தச் சித்திரையில் ஒரு மாலை ஏரிப்பக்கம் கறுத்து, இடி தொடர்ந்து இடித்தது. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கப் போனவர் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. நனைந்துகொண்டு ஓடிவந்த பக்கத்துக் கொல்லைக்காரரை வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

“கூப்ட்டேம்மா, வரலன்னுட்டாரு. கோயிலாண்ட நின்னுக்கினு கீறாரு. அங்க இடி வுழாது, எம்புள்ள சொல்லிக்கீறான்னாரு.”

கணவர் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார். நானும் ஏறிக்கொண்டேன்.

“கலசத்துலேர்ந்து தரைக்குக் கம்பி எறக்கிக்கீதா?”

“இல்ல.”

“இது தெரிஞ்சேவா மைக்குல பேசினீங்க?”

“அப்ப தோணல. வாய மூடிக்கினு வா.”

மூடிக்கொண்டேன், பயத்தில். ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கொல்லை முழுவதும் வெள்ளையாகித் திரும்ப இருண்டது. கோயில் பூட்டியிருந்தது. மாமனார் வெளியே, மழையில், இரும்புக் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தார். நான் காரின் பின்கதவைத் திறந்துவைத்தேன்.

“நைனா, கேட்ட வுடு! கார்ல ஏறு!”

“இங்கதான் ஒண்ணும் ஆவாதே! நீ ஏன்டா நனஞ்சிக்கினு ஓடியார?”

இவர் அக்குளில் கை கொடுத்து இழுத்துவந்து பின்சீட்டில் தள்ளினார். நாங்களும் ஏறிக் கதவைச் சாத்தியதும் விழுந்த இடியில் காது அடைத்துப்போனது. கரையில் நின்ற பனைமரத்தின் தலை தீப்பிடித்து எரிந்தது. கோயில் அப்படியே நின்றது.

“பாத்தியா? கோயில்ல வுழல! பனமரத்துல பூட்ச்சி. நீ சொன்னது சரிதான்டா!” மாமனார் குழந்தைபோல் கை தட்டினார்.

நான் கணவரைப் பார்த்தேன். பேசாமல் இருந்துவிட்டால் பேர் நிலைத்துவிடும். அடுத்த மழைக்கும் அவர் அப்பா இதே கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இவர் பின்னால் திரும்பினார்.

“அது சரியில்ல நைனா. பனமரம் ஒசரம், அதுல வுழுந்துச்சி. வரகு, இடிதாங்கி எல்லாம் நான் சும்மா சொன்னது. இனிமே அங்க நிக்காத.”

மழை கூரையில் அறைந்துகொண்டிருந்தது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அப்ப அம்மனும் சும்மாவா?”

இவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை கோபத்திலும் இவர்மேல் எனக்கு முதல்முறையாகப் பாவமாக இருந்தது. “அம்மன் வேற, இது வேற மாமா” என்றேன். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுபடி இடித்தது. பழக்கத்தில் நான் “அர்ச்சுனா, அர்ச்சுனா” என்றேன். எப்போதும் முதலில் சொல்கிறவர் மாமனார். அன்றைக்கு அவர் வாயைத் திறக்கவில்லை.