வெள்ளையில் வெள்ளைக் கோடு

என் தங்கை மலர்விழி ஓவியர். பெரிய துணி முழுக்க வெள்ளை பூசி, அதில் ஒரே ஒரு கறுப்புக் கோடு போடுவாள். அவ்வளவுதான் படம். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பன் மாமா பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"மீதிய எப்ப போடுவ பாப்பா?"

"போட்டதே ஜாஸ்தி மாமா" என்பாள்.

நான் பத்தாவதோடு நின்றவள். எனக்கும் முதலில் விளங்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு இடம் பார்க்க அவள் மாதக்கணக்கில் நூல் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டுவாள். நூலை விரல் அகலம் தள்ளினாலும் படமே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். அது எனக்கே தெரியும்.

சென்னையில் ஓவியம் படித்தாள். ஓசூரில் டிராயிங் டீச்சராக இருந்தாள். அதை விட்டுவிட்டுக் காரிமங்கலம் வந்து, எங்கள் தக்காளி ஷெட்டில் வரைந்தாள். எந்தக் கண்காட்சியிலும் இடம் கிடைக்கவில்லை. போன வருஷம் பெங்களூரில் கேலரி நடத்தும் நிர்மலா மேடம் நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஒரு படமாவது தேறாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிவிடுவேன் என்றாள் மலர்.

மேடம் வந்தது ஆயுத பூஜையன்று. அவரை அழைத்துவர மலர் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்குள் போனதைக் கவனிக்கவில்லை.

மலரும் மேடமும் உள்ளே நுழைந்தால், டிராக்டருக்குப் பொட்டு, மருந்தடிக்கும் மிஷினுக்குப் பொட்டு, சாய்த்து வைத்திருந்த படங்களுக்கும் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம்!

"அம்மா!" மலர் போட்ட கூச்சலில் கோழிகள் சிதறி ஓடின.

"ஏண்டி கத்தற? டிராக்டருக்கே வெச்சேன். உன் தொழிலுக்கு வெக்காம உடுவனா?"

நான் ஓடிவந்து ஈரத்துணியால் ஒரு படத்தைத் துடைத்தேன். குங்குமம் ரோஸ் நிறத்தில் பரவியதுதான் மிச்சம். மலர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் நேராக மூலைக்குப் போனார். அங்கே ஒரு படத்தில் மட்டும் பொட்டு இல்லை. மலர் கடைசியாக வரைந்தது. வெள்ளையில் வெள்ளைக் கோடு. குனிந்து பார்த்தார், பக்கவாட்டில் நின்று பார்த்தார், நகரவே இல்லை.

"அதுக்கு மட்டும் ஏம்மா வெக்கல?" என்றேன்.

"அதுல இன்னும் வேலையே ஆரம்பிக்கலியே. வெறுந்துணிக்கு எதுக்குப் பொட்டு?"

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். "மலர், இதே மாதிரி வரைங்க. கேலரி ஹால் முழுக்க உங்களுக்குத்தான்."

நானும் மலரும் கைகோத்துக்கொண்டு தக்காளிக் கூடைகளுக்கு நடுவே குதித்தோம். அம்மா மேடத்தின் காதருகே போனாள்.

"பாத்து வாங்குங்கம்மா. ஒன்னும் வரையாததக் கட்டிக் குடுத்துடப் போறாளுங்க."