டெஸ்ட் வைக்காத கம்பெனி

பி.சி.ஏ. முடித்துவிட்டு, மரக்காணம் உப்பளத்தில் அம்மாவோடு உப்பு வாரிக்கொண்டே சாஃப்ட்வேர் வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பெங்களூரு கம்பெனியிலிருந்து பேசுவதாக ஒருவர் போன் செய்தார். பேரையும் படிப்பையும் மட்டும் கேட்டார்.

"செலக்ட் ஆயிட்டீங்க மேடம். புதுசா ஒரு பேங்க் அக்கவுண்ட் ஓபன் பண்ணி, ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் எங்களுக்கு அனுப்பிடுங்க. சம்பளம் போடத்தான்."

அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உறுத்தியது. எங்கள் உப்பளத்தில் புதிதாக யார் வந்தாலும், மேஸ்திரி முதலில் உப்பு வாரும் பலகையைக் கொடுத்து ஒரு பாத்தியை வாரச் சொல்வார். அடிச்சேறு கலங்கி உப்பு கறுத்தால் வேலை கிடையாது. கூலி வேலைக்கே இப்படி. இந்த ஆள் ஒரு சின்ன புரோகிராம்கூட எழுதச் சொல்லவில்லையே!

"வேலை குடுக்கிறவரையே சந்தேகப்படுறியாடி?" என்று அம்மா திட்டினார்.

மறுநாள் அந்தக் கம்பெனிக்காரர் மறுபடி அழைத்தார். "சார், எனக்கு ஒரு டெஸ்ட் வைங்க" என்றேன்.

"அதெல்லாம் வேணாம் மேடம். கார்டு எப்ப அனுப்புறீங்க?"

"டெஸ்ட் வெச்சாத்தான் கார்டு."

லைன் கட்டாகிவிட்டது. பிறகு நான் அழைத்தாலும் அந்த நம்பரில் யாரும் எடுக்கவே இல்லை.

அதே ஆளுக்குக் கார்டை அனுப்பிய என் கிளியனூர் தோழியின் வீட்டுக்குப் போலீஸ் வந்தது. யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் அவள் அக்கவுண்ட் வழியாகப் போயிருக்கிறது.

இப்போதெல்லாம் வேலை என்று யார் அழைத்தாலும் நானே முதலில் டெஸ்ட் கேட்கிறேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தாலும் போதும், எனக்கு முன்னால் அவர் விரல் சிவப்புப் பட்டனுக்குப் போய்விடுகிறது.