கமலவேணி அக்காவின் பச்சைப் பலகை

அந்த நம்பரை எழுதிக் கொடுத்தவன் நான்தான். பெயர் பயாஸ், ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டிக்கர் கடை. பதினெட்டு வருடமாக நம்பர் எழுதுகிறவனுக்கு எந்த வண்டிக்கு நம்பர் வேண்டும், எதற்கு வேண்டாம் என்று தெரியாது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கமலவேணி அக்காவுக்கு வெண்ணந்தூர். ஊரில் பத்துப் பெண்கள் தைக்கும் உள்பாவாடைகளை மூட்டையாகக் கட்டி ராசிபுரம் ஜவுளிக்கடைகளுக்குக் கொண்டுவந்து போடுவார். மூட்டையைக் கண்டாலே கண்டக்டர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சரி, நாமே வண்டி ஓட்டலாம் என்று லைசென்ஸுக்குப் போனார். மூன்று தடவை எட்டுப் போட்டார், மூன்று தடவையும் காலை ஊன்றிவிட்டார். கணவர் சென்னிமலை உயிரோடு இருந்தவரைக்கும் அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்தே பழகியவர்.

போன வருடம் பேட்டரி வண்டி ஒன்று வாங்கினார். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது, லைசென்ஸும் வேண்டாம், நம்பரும் வேண்டாம் என்று விற்றவர் சொல்லி, இங்கிலீஷில் ஒரு காகிதமும் கொடுத்தார். ஊர் சும்மா இருக்குமா? நம்பர் இல்லாவிட்டால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றார் ஒருத்தர். ஹெல்மெட் போட்டால் போதும் என்றார் இன்னொருத்தர். ஆளுக்கொரு சட்டம் வைத்திருந்தார்கள். பஞ்சர் கடைக்காரர் திருட்டு வண்டியா என்றே கேட்டுவிட்டார். அன்றைக்கே அக்கா என் கடைக்கு வந்தார், கையில் மொபெட்டின் ஆர்.சி. புத்தகத்தோடு.

"வண்டியத்தான் பழைய இரும்புக்குப் போட்டாச்சுங்க பாய். நம்பரு சும்மாதானுங்களே கெடக்குது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வீட்டை இடித்துக் கட்டினால் கதவு எண்ணை விட்டுவிடுகிறோமா என்ன? பேட்டரி வண்டி என்பதால் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி மாட்டியும் விட்டேன். அக்கா முகத்தைப் பார்க்க வேண்டுமே, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதம் கழித்து, ஆத்தூர் ரோட்டு முனையில் அக்காவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நம்பர் இருக்கிறதே என்று எஸ்.ஐ. லைசென்ஸ் கேட்டிருக்கிறார், இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் அக்கா இல்லை என்றிருக்கிறார். வண்டி ஸ்டேஷனுக்குப் போகப் போகிறது. வண்டி போனால் அக்காவின் பிழைப்பும் போச்சு, பத்துப் பெண்களின் தையலும் போச்சு.

எஸ்.ஐ. அந்த இங்கிலீஷ் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். அவருக்கே குழப்பம். கடைசியில், இந்த வண்டிக்கு நம்பரே தேவையில்லை, நம்பர் மாட்டியதுதான் குற்றம் என்றார். பிறகு அந்த நம்பரைச் செல்போனில் தட்டிப் பார்த்தார்.

"ஓனர் சென்னிமலைன்னு வருது. ஆரும்மா அது?"

"எங்கூட்டுக்காரருங்க. தவறி மூணு வருசமாச்சுங்க."

எழுதிக் கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எஸ்.ஐ. கொஞ்சம் மனம் இறங்கினார். பலகையைக் கழற்றி அவர் கண்ணெதிரிலேயே உடைத்துவிட்டால் வண்டியை எடுத்துப் போகலாம் என்றார். பக்கத்துக் கடையில் ஸ்குரூ டிரைவர் வாங்கி வந்து நான்தான் கழற்றினேன். முழங்காலில் வைத்து நான்தான் உடைத்தேன்.

வண்டி தப்பித்தது. அக்கா ஏறவில்லை. இனி யார் நிறுத்தினாலும் காகிதத்தைக் காட்டுங்கள், சட்டம் உங்கள் பக்கம், தைரியமாகப் போங்கள் என்றேன். அதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

"போலீஸ்காரரு போன்ல இன்னும் அவருதானுங்களே பாய் ஓனரு. அவரு பேரு இருக்கறது தப்பு, ஒன்னுமே இல்லீன்னா சரியா? எனக்கு ஒன்னும் புரியலீங்க."

அக்கா இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். "இத்தன நாளா அவரு கூட வாராப்பல இருந்துச்சுங்க," என்றார். பிறகு வெண்ணந்தூர்ப் பக்கம் வண்டியைத் திருப்பிக்கொண்டு மெதுவாகப் போனார்.