ஸ்டேஷனில் அக்கா சொன்ன பதில்

கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்த அவளை எல்லாரும் 'கண்ணாடி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கண்ணாடி மேல் ஒரு கீறல், மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து, அவ்வளவுதான், சத்தமில்லாமல் இரண்டாகும். வாயும் அப்படியே, வெடுக்கென்று வெட்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா, அம்மா போன பிறகு வீட்டில் அவளும் தம்பியும்தான்.

தம்பி பெயர்ப்பலகை எழுதுகிறவன். காலையில் எழுந்ததும் அவன் கை நடுங்கும். அரை டம்ளர் சாராயம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். பிறகு ஏணியில் ஏறி நூல் பிடித்த மாதிரி எழுதுவான். மதியம் ஒருமுறை, மாலையில் கணக்கில்லை. அக்கா பாட்டிலைக் கொட்டிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், கையைப் பிடித்து அழுதும் பார்த்தாள். கடைசியில், வேலைக்காவது போகிறானே என்று விட்டுவிட்டாள்.

ஒருநாள் செருப்புக்கடைக்காரர், தம்பி எழுதி மாட்டிய புதுப் பலகையை அண்ணாந்து பார்த்தார். "எழுத்தெல்லாம் ஒரு பக்கமா சாயுதே! குடிகாரன் கையில குடுத்தா இப்படித்தான்" என்று தெருவே கேட்கச் சொன்னார். தம்பி கையிலிருந்த பெயின்ட் டப்பாவை வீசினான். கடையின் பெரிய கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது.

அக்கா கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடினாள்.

ஸ்டேஷன் நடையில் ஒரு மேசை. பிடித்து வருகிறவர்களிடம் உடம்பு, மனசு, போதைப் பழக்கம் பற்றிக் கேட்பதற்காக ஒரு நர்ஸை அந்த வருடம்தான் அங்கே போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் கான்ஸ்டபிள், எதிர் பெஞ்சில் செருப்புக்கடைக்காரர். நடுவில் தம்பி, மேலெல்லாம் பெயின்ட். தின்னர் நெடியில் வேறு எந்த வாடையும் தெரியவில்லை.

"ராத்திரி தூக்கம் வருதா? செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணியிருக்கா?" என்று கேட்டுவந்த நர்ஸ், "குடிக்கிற பழக்கம் உண்டா?" என்றார்.

தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "இல்லைங்க" என்றான்.

நர்ஸுக்குச் சந்தேகம். அக்காவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. தினமும் குடிப்பாரா?"

செருப்புக்கடைக்காரர் உதட்டோரம் சிரிப்பதை அக்கா பார்த்தாள். சுள்ளென்று ஏறியது.

"எங்க வீட்டுல பாட்டில்னா அது மண்ணெண்ணெய் பாட்டில்தாங்க. வேற எதுவும் எங்க வாசப்படி ஏறினதில்ல."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுநாள் கோர்ட்டுக்கு விடுமுறை என்பதால் தம்பியை லாக்கப்பிலேயே வைத்திருந்தார்கள். சாயங்காலம் மாற்றுச் சட்டை கொண்டுபோனாள் அக்கா. கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் உதறியது.

"அக்கா, சுவரெல்லாம் எறும்பு. தட்டி விடேன்."

சுவரில் ஒன்றும் இல்லை.

"இந்த டிராமாவெல்லாம் நாங்க நிறையப் பார்த்திருக்கோம். நீங்க கிளம்புங்க" என்றார் கான்ஸ்டபிள்.

குடி இல்லாததால்தான் இப்படி என்று அவளுக்கு விளங்காமல் இல்லை. நர்ஸ் நாற்காலி காலியாக இருந்தது, வேலை முடித்துப் போய்விட்டிருந்தார். இப்போது கான்ஸ்டபிளிடம் சொன்னால், நேற்றுச் சொன்னது பொய்யா என்று கேட்பார். கடைக்காரர் காதுக்குப் போகும். நாளைக்கு ஜாமீன் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படியிறங்கினாள்.

விடிவதற்குள் தம்பிக்கு வலிப்பு வந்தது. விழுந்ததில் சிமென்ட் திண்டு விளிம்பில் பின்மண்டை மோதியது. காலையில் வந்த நர்ஸ்தான் பார்த்துவிட்டுக் கத்தி, ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

"ரொம்ப நாளா குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தும்மா" என்றார் டாக்டர். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே சமாளிச்சிருக்கலாம். ஏன் யாரும் சொல்லல?"



வார்டுக்கு நர்ஸ் வந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நீங்க கேட்டீங்களே. நான்தான் மானம் போயிடும்னு..."

நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அத்தனை பேர் காது கேட்க நான் கேட்டிருக்கக் கூடாதும்மா. உள்ளே ஒரு ரூம் சும்மாதான் கிடந்துச்சு. கூட்டிட்டுப் போய்க் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியலம்மா" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் கேட்கிறார் நர்ஸ். தன்னிடம் சொன்னது கேஸுக்குப் போகாது, மருந்துக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஒருமுறை, பிடிபட்டவர்களின் வீட்டாரிடம் பேச வரமுடியுமா என்று அக்காவை அழைத்தார். ஸ்டேஷன் வாசல்வரை போனவள் உள்ளே போகாமல் திரும்பிவிட்டாள்.

தம்பி பிழைத்தான். செருப்புக்கடைக்காரரும் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். குடி நின்றது. மண்டையில் பட்ட அடியால் வலது கை மட்டும் பழையபடி வரவில்லை. 'ழ' எழுத உட்கார்ந்தால் வளைவு பாதியிலேயே எங்கோ போய்விடும். இப்போது அக்கா கடையில் சட்டங்களைத் துடைத்துக் காகிதம் சுற்றுகிறான்.

ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், அவள் சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா உன் கை இப்படி ஆகியிருக்காதுடா. மறுநாளும் பார்த்தேன். பார்த்துட்டும் சும்மா வந்துட்டேன்."

அவன் காகிதத்தை மடித்துக்கொண்டே இருந்தான்.

"மறுநாள் எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லக்கா. முத நாள் மட்டும் இருக்கு. அந்தாளு முன்னாடி நீ மண்ணெண்ணெய் பாட்டில்னு சொன்ன பாரு, எனக்கு அவ்ளோ சந்தோஷம். எனக்காக இதுவரைக்கும் யாரும் அப்படிப் பேசினதே இல்ல."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒரு பெண் பேரன் படத்தை நீட்டிக்கொண்டு கடைக்குள் வந்தாள். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "என்ன சைஸும்மா?" என்று கேட்டாள்.