டாரத்தி தம்பியின் ஜாக்கெட்

காலை ஏழு மணிக்கு, அமெரிக்காவின் சான் ரமோன் நகர வீட்டில் ஜலஜா காபி கலக்கும்போது செய்தி வந்தது.

"பக்கத்து வீட்டு டாரத்தி போயிட்டாங்களாம், ஜலஜா," என்றார் கணவர்.

எழுபத்தொன்பது வயது டாரத்தி, கல்லூரி நாளில் வியட்நாம் போரை எதிர்த்து ஊர்வலம் போனவர். "அந்தக் காலத்துப் பாட்டும் நீளத் தலைமுடியும்தானே உங்களைத் தெருவுக்கு இழுத்தது?" என்று ஜலஜா ஒருமுறை சீண்டினாள்.

"அதெல்லாம் சும்மா கூட வந்தது. என் தம்பிக்குப் பத்தொன்பது வயது. அப்போது ஓட்டுப் போட இருபத்தொன்று ஆகவேண்டும், வயது போதாது என்றார்கள்; போருக்கு மட்டும் அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பவில்லை," என்றார் டாரத்தி.

இந்த வயதிலும் ஊர்வலம் என்றால் தம்பியின் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொள்வார். வரும் சனிக்கிழமை ஊர்வலத்தில் முதல்முறையாக அவரோடு நடக்க ஜலஜா ஆசையாகக் காத்திருந்தாள். பொத்தான் தைத்துத் தர அவரிடம் வாங்கிவந்த அந்த ஜாக்கெட் மேசைமேல் கிடந்தது. கடைசிப் பொத்தானை அவள் இன்னும் தைக்கவில்லை.