வால் நறுக்கிய மீன்கள்

முருங்கன் சந்தியில் பேருந்துக்குக் காத்து நிற்பவனுக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளும் வசதியாவது இருக்க வேண்டும். சென்ற கிழமை எனக்கு அதுவும் வாய்க்கவில்லை. ஒரு கையில் ஆசுபத்திரி மருந்துப் பை, மறு கையில் குடை. அந்த நேரம் பார்த்துக் காற்று திசை திரும்பியது. சேறு, அழுகிய பாசி, வெயிலில் வெந்த ரெஜிபோம் ஐஸ் பெட்டி, இவை மூன்றும் கலந்த நாற்றம். என் பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகள் முழுவதும் என் நகக் கண்களில் குடியிருந்த அதே நாற்றம். திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டேன், இது குளத்து மீன் என்று.

பெட்டிக்குள் கிடந்தவற்றை மீன் என்று அழைக்க என் படிப்பு இடம் தரவில்லை. ஊரார் ஜப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியாவின் குஞ்சுகள். ஒரு விரல் நீளம்கூட இல்லை. கண் மட்டும் பெரிதாக, வயிறு ஊதி, ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. அவற்றுக்குப் பின்னால் குடையை விரித்து வைத்து அமர்ந்திருந்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். குளத்து மீனவர் செபமாலையின் மனைவி திரேசம்மா.

"ஐயாவே இது? கன காலத்துக்குப் பிறகு! கொண்டு போங்கோ, குளத்து மீன்."

"இதுவா மீன்?" என்று கேட்டேன்.

"இப்ப இதுதான் மீன் ஐயா. பெரிசு பாக்கோணுமெண்டால் பழைய படத்திலதான் பாக்கோணும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பரே, ஒன்றை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். எங்கள் வீடுகளில் மீன் என்றால் கடலில் பிடித்த பாரையும் அறுக்குளாவும். நன்னீர் மீன் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. கல்லூரியில் விலங்கியல் பயின்று, மீன்களின் உள்ளுறுப்புகளை வரைந்து பரிசு பெற்றவன் என்பதனால் மீன்பிடித் திணைக்களத்தில் சேர்ந்தேன். சேர்ந்ததனால் கடைசியில் ஒரு குளத்தங்கரையில் கொண்டுபோய் நிறுத்தப்பட்டேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுடன் முதல்நாள் வள்ளத்தில் ஏறினேன். இறங்கும்போது அது வெள்ளையாக இல்லை. வீட்டுக்கு வந்தால் என் மனைவி கிணற்றடியிலேயே மறித்து, நாற்றம் போக்கத் தேசிக்காய்ப் பாதியைக் கையில் தந்து, "தேச்சுக் குளிச்சிட்டு உள்ள வாங்கோ" என்பாள். உத்தியோகத்தர் ஒருவருக்கு அவருடைய சொந்த வீட்டில் கிடைத்த மரியாதை அது.

போர் ஓய்ந்து, இந்திய முகாம்களிலிருந்து சனங்கள் திரும்பிக்கொண்டிருந்த காலம். அந்தக் குளத்தை நம்பிச் சில குடும்பங்கள் வந்து இறங்கியிருந்தன, கத்தோலிக்க வேதக்காரரும் சைவக்காரருமாக. செபமாலைதான் அவர்களுக்குத் தலைவர். மண்டபம் முகாமில் பாதி வாழ்நாளைக் கழித்த திரேசம்மாவின் பேச்சில் அந்தக் கரையின் வாடை ஒட்டியிருந்தது. "என்னங்க, வலைய எடுத்தாந்துட்டீங்களா?" என்று அவர் கேட்டால், செபமாலை எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தியாவில இருந்து ஆரோ வந்திருக்கினம், பாயை விரியுங்கோ" என்பார். திரேசம்மா கையில் இருக்கும் மீனை அவர்மேல் எறிவார். அந்த மீனும் நாறும்.

என் வேலை, குளத்தில் எவ்வளவு மீன் உண்டு என்று கணிப்பது. நீரை இறைத்துவிட்டு எண்ண முடியாதல்லவா? அதற்கொரு முறை உண்டு. கொஞ்ச மீனைப் பிடித்து, அடையாளமிட்டு, திரும்ப விடவேண்டும். அவை மற்றவற்றோடு கலந்த பின்னர் மறுபடி பிடிக்கவேண்டும். வருகின்ற மீனில் அடையாளமிட்டவை நிறைய இருந்தால் குளத்தில் மொத்த மீன் குறைவு. அரிதாக இருந்தால் மொத்த மீன் ஏராளம். நான் இட்ட அடையாளம், வாலின் மேல் நுனியில் கத்தரிக்கோலால் ஒரு சிறு நறுக்கு. இரண்டாம் தடவை பிடிப்பதற்குத் திணைக்களத்திடம் போதிய வள்ளங்கள் இல்லாததால், தொழிலாளர் கரைக்குக் கொண்டுவரும் கூடைகளைப் பார்த்தே கணக்கிடுவது என்று முடிவாயிற்று.

இதை நான் ஞாயிறு பூசைக்குப் பின்னர் கோயில் முற்றத்தில் வைத்து விளக்கினேன். சனங்கள் கூடுகிற இடம் அது ஒன்றுதான். "குறியிடப்பட்ட மீன்கள் வலையில் அகப்படின் எமக்கு அறியத்தருதல் வேண்டும்" என்று திருத்தமான தமிழில் கூறினேன். எல்லோரும் "ஓம்" என்றார்கள். அடுத்த நாள் வேலை தொடங்குகையில், புது வேலை எதுவானாலும் அங்கே வழக்கம் என்பதால், பங்குச் சுவாமி வந்து வள்ளத்துக்குத் தீர்த்தம் தெளித்தார். முதல் மீனின் வாலை நான் நறுக்க, அவர் தம் கையாலேயே அதை நீரில் விட்டார். கரையில் நின்றவர்கள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்கள், சைவக்காரர் கைகூப்பினார்கள். நல்ல தொடக்கம் என்று எண்ணினேன்.

மறுபடி பிடிக்கும் காலம் வந்தது. கூடை கூடையாகக் கவிழ்த்து, குந்தியிருந்து, வழுவழுத்த மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வாலைப் பார்த்தேன். மீன் சளி முழங்கைவரை வழிந்து காய்ந்தது. நீர்க்காகங்கள் தலைக்கு மேலிருந்து தங்கள் பங்கையும் சேர்த்தன. ஒரு நறுக்கு வாலும் வரவில்லை. நாள் செல்லச் செல்ல என் கணக்கு ஏறிக்கொண்டே போனது. அருவருப்பைப் பொறுத்துக்கொண்டு நான் புரட்டிய மீன்கள், இந்தக் குளத்தைப்போல் செழித்த குளம் நாட்டிலேயே இல்லை என்றன. இடைக்கால அறிக்கையைத் திணைக்களக் கந்தோருக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் செபமாலையின் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். கொழுத்த கிடாய் ஒன்று வேலி ஓரத்தில் திரேசம்மாவின் கீரைப் பாத்தியை மேய்ந்துகொண்டிருந்தது. விரட்டுவதற்குக் கம்பை எடுத்தேன்.

"ஐயோ, அடிக்காதேங்கோ ஐயா! அது அந்தோனியாருக்கு நேர்ந்தது. காதைப் பாருங்கோ."

காதின் நுனியில் சிறிய நறுக்கு.

"நேர்ந்ததில ஆரும் கை வைக்கிறேல்லை," என்றார் திரேசம்மா. "உங்கட மீனும் அப்பிடித்தானே. வலையில வந்தாலும் தொட்டுக் கும்பிட்டுத் தண்ணியில விட்டிடுறம். குளம் செழிக்கவேணுமெண்டு ஐயாவைப்போல பெரிய மனுசன் நேர்ந்து விட்டது எண்டு எங்கட ஆக்கள் எல்லாருக்கும் தெரியும்."

கம்பு என் கையிலேயே இருந்தது. கிடாய் கீரையை முடித்துவிட்டுப் பயற்றங்கொடிக்குப் போயிற்று.

வாலில் நறுக்கு, சுவாமியின் தீர்த்தம், கோயில் முற்றத்து அறிவிப்பு. அவர்களுடைய இடத்தில் நின்று பார்த்தால் அதற்கு வேறு பொருள் கிடையாது. அடையாளமிட்ட மீன்கள் யாவும் வலைக்கும் கூடைக்கும் நடுவே பயபக்தியோடு விடப்பட்டிருந்தன. ஆகவே என் கணக்கு சுத்தப் பொய். குளத்தில் இருந்தது அதில் ஒரு சிறு பங்கு.

அன்றே கந்தோருக்குப் போனேன். மேலதிகாரி மின்விசிறிக்கு அடியில் சுழல் கதிரையில் சாய்ந்திருந்தார். அந்த அறிக்கையை வைத்து, வெளியூர் முதலாளி ஒருவருக்குக் குளத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. நான் சொன்னதை அவர் கேட்டார்; கேட்டுவிட்டுப் பல் குத்தினார்.

"ஐசே, மீன் கூட எண்டு வந்தா ஆருக்கு நட்டம்? குறைய எண்டு வந்தாத்தானே கேள்வி கேப்பாங்கள்?"

"கணிப்பே பிழை, சேர். முழுவதையும் மீளச் செய்யவேண்டும்."

"நீர்தானே போட்ட கணக்கு? பிறகென்ன?"

அடுத்த கிழமை ஊர் மண்டபத்தில் கூட்டம். அந்த முதலாளி முன்வரிசையில், வாசனைத் தைலம் மணக்க இருந்தார். குளத்து நாற்றத்தை விட அது மோசமாக இருந்தது. செபமாலை எழுந்தார். சபையில் பேசிப் பழக்கமில்லாத மனிதர். இடுப்புச் சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வால் வெட்டின மீனை நாங்கள்தான் விட்டனாங்கள், சேர். நேர்ந்தது எண்டு நினைச்சிட்டம். அதால ஐயாவின்ர கணக்குப் பிழைச்சுப்போச்சு. வேற ஆக்களை இறக்காதேங்கோ. குளம் தாங்காது."

"மீனுக்கும் நேர்த்தியோ?" என்றார் மேலதிகாரி. "நாளைக்கு நண்டுக்குப் பூசை, இறாலுக்குத் திருநாளோ?"

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் கந்தோர்க்காரர் சிலரும் சிரித்தார்கள். அதைத்தான் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"சிரியுங்கோ," என்றார் செபமாலை. "நாங்கள் விட்டது விட்டதுதான். அதை வைச்சு எங்களைக் குளத்தால எழுப்பாதேங்கோ."

நான் எழுந்து, அந்தத் தொகை பொய்யென்றும், அதன் கீழே என் பெயர் இருக்கக்கூடாதென்றும் எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். இறுதி அறிக்கையில் கையொப்பமிட மறுத்தேன். ஆனால், கையொப்பமில்லாமலே காரியம் நடந்தது.

இயந்திர வள்ளங்கள் வந்தன. துளை தெரியாத அளவுக்குப் பொடிக் கண்ணுள்ள தங்கூசி நைலோன் வலைகள் வந்தன. முதல் மாதங்களில் லொறிகள் வரிசையில் நின்றன. கணக்குச் சரிதான் போலிருக்கிறது என்று என் முகத்துக்கு நேரேயே சிலர் சொன்னார்கள். ஒருநாள் குளக்கட்டில் செபமாலையோடு நடந்துபோனேன். முதலாளியின் ஆட்கள் கல் கூட்டி அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அருகில் செதிலும் குடலும் வாலுமாக ஒரு குவியல், அதன்மேல் ஈ. குடையின் நுனியால் கிளறினேன். நான் அத்தனை நாள் கூடை கூடையாகத் தேடிய, இன்னும் முழுதாக வளராத நறுக்கு வால்கள் எல்லாம் அங்கே இருந்தன. செபமாலை சிலுவை அடையாளம் இட்டார். திரும்பி நடந்தார். நான் கட்டின் ஓரத்தில் குனிந்து, காலையில் உண்டதை எல்லாம் கக்கினேன்.

இன்று அந்தக் குளக்கட்டில், குளத்தில் மீன் எவ்வளவு என்று அறிவிக்கும் ஒரு தகரப் பலகை நிற்கிறது. துருப் பிடித்துவிட்டது; ஆயினும் அந்தத் தொகையும், கணிப்பாளர் என்று என் பெயரும் வாசிக்கக்கூடியதாக உள்ளன. அகற்றும்படி பலமுறை கேட்டேன். "பலகையை நட்ட பிரிவு இப்ப இல்லை ஐயா" என்று, மரியாதை தெரிந்த ஓர் இளம் உத்தியோகத்தர் பதில் சொன்னார். முதலாளி, வேறொரு குளத்தைத் தேடிப் போய்விட்டார். மீனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அது பெட்டிக்குள் கிடந்தது.

"செபமாலை எப்படி?" என்று கேட்டேன்.

"சிலாவத்துறையில ஐஸ் உடைக்கிறார். கடலுக்கு ஏத்திக்கொண்டு போனாங்கள். அலை ஒத்துக்கொள்ளேல்லை, சத்தி எடுத்துப்போட்டு வந்திட்டார்." பையில் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டே திரேசம்மா கேட்டார்: "ஐயா, இன்னொருக்கா நேர்ந்து விட ஏலாதோ? கொஞ்ச மீனை எண்டாலும்?"

"விட்டால், யார் தொடாமல் இருப்பார்கள்?"

அவர் பையின் வாயை முடிந்தார். "அதுவும் சரிதான். போன வருசம் அந்தோனியாற்ற கிடாயையே அவிட்டுக்கொண்டு போட்டாங்கள்."

பையை என் கையில் திணித்தார். பேருந்தில் என் பக்கத்து இருக்கை மன்னார் வரையில் காலியாகவே வந்தது. வீட்டில், மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு, மீன்களை ஒரு தண்ணீர்ப் பேசினில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். நறுக்கிய வால் வளர்ந்துவிடும் என்பதும், அந்த மீன்களில் ஒன்றுகூட இன்று உயிரோடு இராது என்பதும் நான் படித்தறிந்தவை. இருந்தும் கடைசி மீன் வரை பார்த்தேன். எல்லா வால்களும் முழுமையாக இருந்தன. நறுக்குவதென்றாலும் கத்தரிக்கோலுக்கு அவற்றில் இடமில்லை.